எத்திலீன் பாதைக்கு அம்புக்குறி போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூரா காய் பழுப்பதும், பாலக்கோட்டுத் தக்காளி சிவப்பதும் எத்திலீன் என்ற வாயு ஹார்மோனால்தான். இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் பயோடெக் படிப்பவர்கள் பாத்வே அனோட்டேஷன், அதாவது செல்லுக்குள் நடக்கும் வினைத்தொடரைச் சான்றோடு வரைபடமாகக் குறிப்பது, பழகுவதற்கு இதைவிடப் பொருத்தமான பாதை இல்லை. மரபணுக்களின் வேலைகளைப் பொதுச் சொற்களால் பதியும் ஜீன் ஆன்டாலஜி திட்டத்தின் கோ-காம் (GO-CAM) என்ற வரைபட முறையில் ஒவ்வொரு பெட்டியும் ஒரு மூலக்கூறுச் செயல்பாடு. அடுத்தடுத்த இரண்டு செயல்பாடுகளை இணைக்கும் ஒவ்வொரு அம்புக்குறிக்கும் ஓர் உறவுப் பெயர் உண்டு. மாதிரி கெடுவது பெரும்பாலும் அந்தப் பெயரில்தான்.

அடிக்கடி பார்க்கும் தவறு, பொருள் கைமாறும் இடத்தில் 'ரெகுலேட்ஸ்' (ஒழுங்குபடுத்துகிறது) என்று போடுவது. மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து எஸ்-அடினோசில்மெத்தியோனின் உருவாகிறது. அதை ஏசிசி சிந்தேஸ் என்ற நொதி, எத்திலீனுக்கு முந்தைய பொருளான ஏசிசியாக மாற்றுகிறது. ஏசிசி ஆக்சிடேஸ் அந்த ஏசிசியை எத்திலீனாக்குகிறது. ஒன்றின் விளைபொருள் அடுத்ததன் மூலப்பொருள், அவ்வளவுதான். இங்கே வர வேண்டிய உறவு 'புரொவைட்ஸ் இன்புட் ஃபார்' (மூலப்பொருள் தருகிறது). "ஏசிசி சிந்தேஸ்தானே வேகத்தைத் தீர்மானிக்கிறது, அப்போது அது ஒழுங்குபடுத்துவதுதானே?" என்று கேட்பார்கள். இல்லை. மூலப்பொருள் குறைந்தால் அடுத்த வினையின் வேகம் குறையும். ஆனால் அந்த நொதியின் திறனை யாரும் கூட்டவோ குறைக்கவோ இல்லை. எம்பிகே6 என்ற கைனேஸ் (பாஸ்பேட் சேர்க்கும் நொதி), ஏசிசி சிந்தேஸில் பாஸ்பேட்டைச் சேர்த்து அதைச் சிதையாமல் காக்கிறதே, அதுதான் ஒழுங்குபடுத்தல்.

இதன் மறுபக்கத்தையும் மறக்கக் கூடாது. ஏசிசியில் மலோனைல் தொகுதியைச் சேர்த்து ஒதுக்கும் நொதி, ஏசிசி ஆக்சிடேஸைத் தொடுவதே இல்லை. அதற்கு 'நெகட்டிவ்லி ரெகுலேட்ஸ்' பொருந்தாது. 'ரிமூவ்ஸ் இன்புட் ஃபார்' என்பதே சரி.

அடுத்தது கூட்டல், கழித்தல் குறி, அதாவது ஊக்குகிறதா தடுக்கிறதா என்பது. எத்திலீன் பாதையில் தடுமாறாதவர் குறைவு, காரணம் இங்கே எல்லாம் தலைகீழ். எத்திலீன் இல்லாதபோதுதான் அதை உணரும் ஈடிஆர்1 ஏற்பி வேலை செய்கிறது. அது சிடிஆர்1 கைனேஸை இயக்குகிறது. சிடிஆர்1, சமிக்ஞையை முன்னே கடத்தும் ஈஐஎன்2 புரதத்தில் பாஸ்பேட்டைச் சேர்த்து அதை அடக்கி வைக்கிறது. எத்திலீன் வந்து ஏற்பியில் ஒட்டியதும் ஏற்பி அணைகிறது, அடக்குமுறை விலகுகிறது, சமிக்ஞை நகர்கிறது. ஆகவே ஈடிஆர்1-லிருந்து சிடிஆர்1-க்கு 'டைரக்ட்லி பாசிட்டிவ்லி ரெகுலேட்ஸ்', சிடிஆர்1-லிருந்து ஈஐஎன்2-க்கு 'டைரக்ட்லி நெகட்டிவ்லி ரெகுலேட்ஸ்'. எத்திலீன் ஏற்பிச் செயல்பாட்டைத் தடுக்கும் சிறு மூலக்கூறு. அதற்கு ஊக்கி என்று உறவு கொடுத்தால் மாதிரி முழுவதும் எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். சரிபார்க்க நல்ல வழி ஒன்று உண்டு. 1-எம்சிபி வாயு ஏற்பியில் ஒட்டி, எத்திலீனை ஒட்டவிடாமல் தடுத்து, பழுப்பதைத் தள்ளிப்போடும். உங்கள் அம்புக்குறிகளின் கூட்டல், கழித்தல் குறிகளை வரிசையாகப் பெருக்கிப் பாருங்கள். 1-எம்சிபி போட்டால் பழம் பழுக்கும் என்று விடை வந்தால் எங்கோ ஒரு குறி தவறு.

'நேரடி' என்ற சொல்லையும் தாராளமாக வாரி வழங்கக் கூடாது. பாதையில் ஈஐஎன்2-க்குப் பின்னால் வரும் ஈஐஎன்3 ஒரு படியெடுத்தல் காரணி, அதாவது மரபணுவை இயக்கும் புரதம். ஈஆர்எஃப்1 மரபணுவின் மேல் அமர்ந்து அதை இயக்குகிறது. டிஎன்ஏவில் நேரடியாக ஒட்டுவது உண்மை. ஆனால் ஈஆர்எஃப்1 புரதத்தின் செயல்பாட்டுக்கும் அதற்கும் நடுவே ஆர்என்ஏ உருவாவதும் புரதம் உருவாவதும் இருக்கின்றன. எனவே 'இன்டைரக்ட்லி பாசிட்டிவ்லி ரெகுலேட்ஸ்'. ஈஐஎன்2-க்கும் ஈஐஎன்3-க்கும் நடுவிலும் ஈபிஎஃப்1, ஈபிஎஃப்2 என்ற புரதங்கள் இருக்கின்றன. அவற்றைத் தாண்டி நேரடி அம்புக்குறி இழுக்க வேண்டாம்.

ஆர்ஏஎன்1 என்ற புரதம் வேறு ரகம். ஏற்பிக்குத் தேவையான செம்பு அயனியைக் கொண்டுசேர்ப்பது அது. அது இல்லாமல் ஏற்பி சரியாக அமையாது, ஆனால் சமிக்ஞைக்கு ஏற்ப ஏற்பியைக் கூட்டிக் குறைப்பது அதன் வேலையல்ல. இப்படி எப்போதும் தேவைப்படும் செயல்பாட்டுக்கு 'கான்ஸ்டிட்யூட்டிவ்லி அப்ஸ்ட்ரீம் ஆஃப்' இருக்கிறது.

இந்தச் சமிக்ஞைப் பாதையின் அடிப்படைச் சான்றுகள் பெரும்பாலும் ஆய்வகங்களில் மாதிரியாக வளர்க்கும் அரபிடாப்சிஸ் செடியிலிருந்து வந்தவை. மாம்பழப் புரதத்துக்கு அதை எடுத்து எழுதினால், வரிசை ஒப்புமையால் ஊகித்தது என்ற சான்றுக் குறியீடு போட வேண்டும். நேரடிச் சோதனை என்று போடக் கூடாது.

சான்று எவ்வளவு தூரம் பேசுகிறது என்பதிலும் கவனம் வேண்டும். சிடிஆர்1 பழுதானால் எத்திலீன் இல்லாமலேயே அதன் விளைவு தெரிகிறது என்பது 1993-இல் வெளியானது. அந்தச் சோதனை கழித்தல் குறியைச் சொல்லும், இலக்கு எது என்று சொல்லாது. ஒன்றையொன்று இயக்கும் மாப் கைனேஸ் தொடரைத் தொடங்கும் ராஃப் கைனேஸ்களைப் போல சிடிஆர்1 இருந்ததால், அடுத்து அந்தத் தொடர்தான் வரும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். சிடிஆர்1 நேராக ஈஐஎன்2-ஐயே பாஸ்பேட் ஏற்றுகிறது என்று காட்டப்பட்டது 2012-இல். மரபணு பழுதான செடியை மட்டும் வைத்து 'டைரக்ட்லி' எழுதாதீர்கள். வழிமுறை தெரியாத இடத்தில் 'காசலி அப்ஸ்ட்ரீம் ஆஃப், நெகட்டிவ் எஃபெக்ட்' (முன்னால் இருந்து குறைக்கிறது) என்று அகலமான உறவை வையுங்கள். இலக்கைக் காட்டும் கட்டுரை வந்த பிறகு அதே அம்புக்குறியைத் திருத்தி, அந்தக் கட்டுரையையே அதன் சான்றாக இணைத்துக்கொள்ளலாம்.