சின்ன ரிவால்வர்தானே என்று நினைத்துச் செய்யும் தவறுகள்

சின்ன ரிவால்வர் வாங்குகிறவரிடம் ஏன் இதை எடுத்தீர்கள் என்று கேட்டால், லேசாக இருக்கிறது, அடக்கமாக இருக்கிறது, எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்பார். முதல் இரண்டும் உண்மை, சிக்கல் எல்லாம் அந்த மூன்றாவதில்தான். ஸ்மித் அண்ட் வெசன் 642 போன்ற ஐந்து தோட்டா ரிவால்வர், தோட்டா இல்லாமல் 400 கிராமுக்குக் கொஞ்சம் மேல் இருக்கும், குழல் 2 அங்குலம்கூட இல்லை. ஆனால் தோட்டா உட்காரும் சிலிண்டரின் குறுக்களவு சுமார் 33 மில்லிமீட்டர். எடையையும் நீளத்தையும் பார்த்து வாங்குகிறோம், நாள் முழுக்க உடம்பில் உறுத்துவது இந்தத் தடிமன்தான். கடையில் கையில் பிடித்துப் பார்க்கும்போது அது தெரியாது, நான்கு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்தால்தான் தெரியும்.

மேலே போவதற்கு முன்னால் சட்ட விஷயம். துப்பாக்கி வைத்திருக்க உரிமம் இருப்பது வேறு, அதை மறைத்து எடுத்துச் செல்ல அனுமதி இருப்பது வேறு. பல இடங்களில் இரண்டாவதற்குத் தனி அனுமதி வேண்டும், சில இடங்களில் அது கிடையவே கிடையாது, அனுமதி இருந்தாலும் உள்ளே கொண்டுபோகக் கூடாத கட்டடங்கள் உண்டு. உங்கள் ஊர்ச் சட்டத்தைப் படித்து முடித்த பிறகுதான் உறையைப் பற்றிய பேச்சே.

இருப்பதிலேயே பெரிய தவறு உறையே இல்லாமல் வைப்பது. சின்னதுதானே என்று பேண்ட் பாக்கெட்டில் அப்படியே போட்டுக்கொள்கிறார்கள், இல்லாவிட்டால் இடுப்பில் செருகிக்கொள்கிறார்கள். கேட்டால், ரிவால்வர் விசை ரொம்பக் கடினம், தானாக அழுந்தாது என்று பதில் வரும். கடினம்தான், இந்த வகையில் பலவற்றின் விசையை இழுக்க 5 கிலோவுக்கு மேல் அழுத்தம் வேண்டும். ஆனால் அந்தக் கடினத்தை நம்பி விசையைத் திறந்து வைக்கலாம் என்பது தப்புக் கணக்கு. பாக்கெட்டில் கிடக்கும் சாவி விசை வளையத்துக்குள் நுழைந்த நிலையில் நீங்கள் குனிந்தாலோ, எதிலாவது இடித்துக்கொண்டாலோ, உடம்பின் எடைக்கு 5 கிலோ ஒரு பொருட்டே இல்லை. உள்ளே பாதுகாப்புத் தகடு இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். இன்றைய ரிவால்வர்கள் பலவற்றில் இருக்கும் அந்த அமைப்பு, துப்பாக்கி கீழே விழும்போது ஹேமர், அதாவது தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தி, தோட்டாவை அடிக்காமல் தடுப்பதற்காக வைத்தது. விசை இழுபட்டுவிட்டால் அது வழிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும், வேலையே அதுதான். விசையை இழுத்தது விரலா சாவியா என்று அதற்குத் தெரியாது.

கைப்பிடியிலேயே ஒரு கொக்கி வைத்து, அதை இடுப்புப் பட்டையின் மேல் மாட்டிக்கொள்ளும் பழைய முறை ஒன்று உண்டு. பராமி என்ற பெயரில் பல காலமாக வருகிறது. சௌகரியம் என்று மட்டும் பார்த்தால் இதை அடிக்க ஆளில்லை, உறையின் தடிமனே மிச்சம். விசை மட்டும் துணிக்குள் திறந்தே கிடக்கும். நான் இதை யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை, பல வருடம் வைத்துப் பழகியவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்றாலும்.

சரி, உறை வாங்கியாகிவிட்டது, எந்த இடத்தில் வைப்பது? தொப்புளைப் 12 மணி என்றும் வலது இடுப்பை 3 மணி என்றும் கடிகார முள் கணக்கில் சொல்வது இந்தத் துறையில் வழக்கம், அதையே நானும் வைத்துக்கொள்கிறேன். எல்லோரும் செய்வது, கண்ணாடி முன்னால் நின்று, சட்டையை இழுத்துவிட்டு, தெரியவில்லை என்று உறுதி செய்துகொண்டு அத்தோடு நிறுத்திவிடுவது. நாளில் பெரும்பகுதி நாம் உட்கார்ந்திருக்கிறோம், வண்டி ஓட்டுகிறோம், குனிந்து செருப்பு மாட்டுகிறோம். உட்காரும்போது தொடையும் வயிறும் மடியும் கோடு எங்கே விழுகிறது என்று விரலை வைத்துப் பாருங்கள், துப்பாக்கியின் பருமனான பகுதி அந்தக் கோட்டுக்குக் கீழே வந்தால் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடமே எரிச்சல் ஆரம்பிக்கும். சரியாக 3 மணியில் பலருக்கு இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு இருக்கும், சிலிண்டர் நேராக அதன் மேல் உட்கார்ந்தால் எலும்பு நோகும். இரண்டு விரல் முன்னாலோ பின்னாலோ நகர்த்தினாலே போதும், வேறு உறை தேடி அலைய வேண்டாம். ஆனால் பின்னால் நகர்த்துகிறேன் என்று 6 மணிக்குப் போய்விடாதீர்கள். அங்கே வைத்துக்கொண்டு மல்லாக்க விழுந்தால் முதுகெலும்புக்கும் தரைக்கும் நடுவில் ஓர் இரும்புக் கட்டி, அதுவும் போக குனிந்தால் சட்டை மேலேறி எல்லோருக்கும் தெரியும், பின்னால் இருந்து யாராவது கை வைத்தால் உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

முன்பக்கம், 1 மணி வாக்கில் வைப்பது சின்னக் குழலுக்கு நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் தொடை மடிப்புக்குள் இறங்க நீளமே இல்லை. தொப்பை இருப்பவர்களுக்குக் கைப்பிடி வயிற்றில் குத்தும், அவர்களுக்கு 4 மணிதான் ஒத்துவரும். முன்பக்கம் வைத்தால் குழலின் வாய் நம் தொடையையோ அதைவிட மோசமான இடத்தையோ பார்த்துக்கொண்டிருக்கும், அதனால் துப்பாக்கியை உறைக்குள் திருப்பி வைக்கும் பழக்கம் சுத்தமாக இல்லாதவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இங்கே யாரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. குழல் சின்னதாக இருந்தால் உறையும் சின்னதாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம், இடுப்பில் நடப்பது நேர்மாறு. சிலிண்டர், கைப்பிடி, எடை எல்லாமே பெல்ட்டுக்கு மேலே, பெல்ட்டுக்குக் கீழே ஒன்றுமே இல்லை, அதனால் கைப்பிடி வெளிப்பக்கமாகச் சாய்கிறது, சட்டையைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது, நாள் முழுக்க ஆடிக்கொண்டே இருக்கிறது. உறை குழலைவிட ஓர் அங்குலம் நீளமாகக் கீழே இறங்கினால் அந்த நீளம் உடம்போடு ஒட்டிநின்று மேல்பகுதியை உள்ளே இழுத்துப் பிடிக்கும். இன்னும் மறைய வேண்டும் என்று ரொம்ப ஆழமாகப் புதைத்தும் வைக்கிறார்கள், அப்போது கைப்பிடியை முழுதாகப் பிடிக்கவே முடியாது. இரண்டு விரல் நுனியால் வெளியே இழுத்துவிட்டு, அப்புறம் கைக்குள் சரிசெய்துகொள்வதெல்லாம் ஆபத்தான வேலை, உறைக்குள் இருக்கும்போதே பிடி முழுதாகக் கையில் அமர வேண்டும்.

பெல்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உறைக்கு யோசித்து யோசித்துச் செலவு செய்துவிட்டு, அதை மெல்லிய அலங்கார பெல்ட்டில் மாட்டினால் தொங்கத்தான் செய்யும், தொங்கினால் இறுக்குவீர்கள், இறுக்கினால் வலிக்கும், கடைசியில் பழி உறையின் மேல் விழும். பேண்டுக்குள் வைக்கும் உறை என்றால் இடுப்பளவு ஓர் அங்குலமோ இரண்டோ கூடுதலாக உள்ள பேண்ட் வேண்டும்.

பாக்கெட் விஷயம் தனி. உண்மையைச் சொன்னால் இந்த அளவு ரிவால்வருக்கு முன் பாக்கெட்தான் பலருக்கும் சௌகரியமான இடம், பெல்ட்டும் வேண்டாம் சட்டையைத் தொங்கவிடவும் வேண்டாம், கையைப் பாக்கெட்டுக்குள் விட்டபடி நின்றால் யாரும் ஏன் என்று பார்க்க மாட்டார்கள். ஆனால் பாக்கெட் உறை என்பது வெறும் துணிப்பை இல்லை. அது விசையை முழுதாக மூட வேண்டும், துப்பாக்கியைத் தலைகீழாகத் திரும்பவிடாமல் நேராக நிறுத்த வேண்டும், வெளிப்பக்கம் துணியில் நெருடலாகப் பற்ற வேண்டும், எடுக்கும்போது தான் மட்டும் பாக்கெட்டிலேயே நின்றுகொள்ள வேண்டும். கடைசியில் சொன்னதை நிறையப் பேர் சோதித்துப் பார்ப்பதே இல்லை, அவசரத்தில் உறையும் சேர்ந்து வெளியே வந்தால் என்ன செய்வது? நல்ல பாக்கெட் உறைகளில் பாக்கெட் விளிம்பில் மாட்டிக்கொள்ளும் கொக்கி மாதிரி ஒரு நீட்டல் இருக்கும், அதற்காகத்தான். அந்தப் பாக்கெட்டில் வேறு எதுவும் இருக்கக் கூடாது, சாவி, சில்லறை, கைக்குட்டை எதுவுமே. விதிவிலக்கே இல்லை.

பாக்கெட்டின் குறை உட்கார்ந்தால் தெரியும். துணி தொடையில் இறுகி, கையே உள்ளே போகாது. நாள் முழுக்க வண்டியில் இருப்பவருக்கு இது சரிவராது. பஞ்சும் தூசும் வேறு உள்ளே சேரும், சிலிண்டரின் பின்பக்கமும் ஹேமர் இடுக்கும் அடைவதற்குள் அவ்வப்போது எடுத்துத் துடைக்க வேண்டும்.

ஹேமர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மாடல் பாக்கெட்டுக்கு ஆகாது, எடுக்கும்போது துணியில் மாட்டும். இந்தத் தொல்லை புதிதல்ல. 1950-ல் ஸ்மித் அண்ட் வெசன் தன் சின்ன ஐந்து தோட்டா மாடலை ‘சீஃப்ஸ் ஸ்பெஷல்’ என்று கொண்டுவந்தபோது ஹேமர் வெளியேதான் இருந்தது, 1952-ல் ஹேமரை முழுக்க உள்ளே மறைத்த ‘சென்டென்னியல்’ வந்தது, அப்புறம் 1955-ல் பக்கவாட்டை மூடி நுனியை மட்டும் வெளியே விட்ட ‘பாடிகார்ட்’. பாக்கெட் என்று முடிவு செய்தால் ஹேமர் மறைந்த மாடலாகவே வாங்குங்கள், வெளியே நீட்டும் ஹேமரைப் பின்னால் அறுத்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். கைப்பிடியும் இதே கதைதான். ரப்பர் பிடி சுடும்போது கைக்கு இதம், ஆனால் சட்டையும் பாக்கெட் துணியும் அதில் ஒட்டிக்கொண்டு மேலேறும். வழுவழுப்பான மரப்பிடி துணியில் நழுவிப் போகும். அதற்காக ரொம்பச் சின்னப் பிடியாக மாற்றினால் லேசான துப்பாக்கியின் உதை முழுதும் உள்ளங்கையில் இறங்கும், அப்புறம் பயிற்சிக்கே போக மாட்டீர்கள்.

கணுக்காலில் கட்டுவது உட்கார்ந்தே வேலை செய்பவருக்கு, அதுவும் இரண்டாவது துப்பாக்கிக்கு, பரவாயில்லை. நடக்கிறவருக்கு ஒரு கால் மட்டும் கனத்துக்கொண்டே இருக்கும்.

கைப்பையில் வைப்பதை நான் கடைசி வழியாகத்தான் சொல்வேன், அதையும் தயங்கித்தான். பை உடம்பில் இல்லை, அதைத் தோளிலிருந்து இறக்கி வைப்போம், குழந்தைகள் மிட்டாய் தேடிக் கை விடுவார்கள், பறிப்பவனுக்குப் பணத்தோடு துப்பாக்கியும் போகும். வேறு வழியே இல்லையென்றால் துப்பாக்கிக்கென்று தனி அறை, அதற்குள் விசையை மூடும் கெட்டியான உறை, பை எப்போதும் உடம்பைவிட்டு இறங்காமல் இருப்பது, இந்த மூன்றும் வேண்டும்.

உறைக்குத் தோலா, கைடெக்ஸ் என்ற பிளாஸ்டிக்கா என்று முடிவில்லாமல் சண்டை நடக்கிறது. தோல் உடம்போடு வளைந்துகொடுக்கும், சிலிண்டரின் தடிமனைத் தலையணை மாதிரி தாங்கும், ஆனால் வியர்வை குடித்துக் குடித்து வாய்ப்பகுதி தளர்ந்துவிடும். தளர்ந்த தோல் உள்பக்கம் மடிந்து விசை வளையத்துக்குள் நுழையலாம், துப்பாக்கியைத் திருப்பி வைக்கும்போது அந்த மடிப்பே விசையை அழுத்தலாம். வாய் தளர்ந்த உறையைத் தூக்கிப் போடுங்கள், எவ்வளவு பழகி மெத்தென்று ஆகியிருந்தாலும். கைடெக்ஸ் தளராது, ஆனால் விளிம்பு உடம்பை அறுக்கும், உள்ளே ஒரு பனியன் போட்டால் அந்தத் தொல்லை பாதி குறையும். இன்னொன்று, இரவில் துப்பாக்கியைத் தோல் உறைக்குள்ளேயே விட்டு மாதக்கணக்கில் அலமாரியில் வைக்கக் கூடாது, தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இரும்பு துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகு ரிவால்வர்கள் 1965-லேயே ‘மாடல் 60’ என்று வந்துவிட்டன, உடம்பை ஒட்டி வைப்பதற்கு அந்த வகை நல்லது, இருந்தும் பிடிக்கு அடியிலும் திருகுகளிலும் வியர்வையின் உப்பு தன் வேலையைக் காட்டும்.

திருப்பி வைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். வேகமாக எடுக்க எல்லோரும் பழகுகிறார்கள், மெதுவாக வைக்க யாரும் பழகுவதில்லை. வைக்க அவசரமே கிடையாது. சட்டையை நன்றாக ஒதுக்கி, விரலை விசைக்கு வெளியே நேராக நீட்டி, உறையின் வாயைக் கண்ணால் பார்த்து, மெதுவாக. ஹேமர் வெளியே இருக்கும் மாடல் என்றால் வைக்கும்போது கட்டைவிரலை ஹேமரின் மேல் வைத்துக்கொள்ளுங்கள், ஏதாவது விசையில் மாட்டியிருந்தால் ஹேமர் பின்னால் எழும்புவது விரலுக்குத் தெரியும், அங்கேயே நிறுத்திவிடலாம். ஹேமர் மறைந்த மாடலில் இந்த வசதி இல்லை, கண்ணைத்தான் நம்ப வேண்டும். இன்னும் நல்லது, காலையில் துப்பாக்கியை உறைக்குள் வைத்த நிலையிலேயே மாட்டிக்கொண்டு, இரவில் உறையோடு சேர்த்தே கழற்றுவது. பாக்கெட் உறையையும் முன்பக்கம் வைப்பதையும் இப்படித்தான் கையாள வேண்டும்.

புதிதாக ஓர் உறை வாங்கியவுடன் தோட்டா போட்டு மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பாதீர்கள். சிலிண்டரைத் திறந்து ஐந்து அறையும் காலி என்று பார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, வீட்டுக்குள்ளேயே நாள் முழுக்க மாட்டிக்கொண்டு வேலை பாருங்கள். சிலிண்டர் அறைகளில் போலித் தோட்டா போட்டுக்கொண்டால் எடையும் உண்மைக்கு அருகில் இருக்கும், ஐந்து .38 தோட்டாக்கள் மட்டுமே சுமார் 75 கிராம் வரும். மாடி ஏறுங்கள், தரையில் உட்கார்ந்து எழுந்திருங்கள், மேலே கை தூக்கி எதையாவது எடுங்கள். எங்கே உறுத்துகிறது, எப்போது கை தானாக அங்கே போகிறது என்று கவனியுங்கள். சட்டை மேல் தெரியும் மேட்டைவிட, அடிக்கடி தொட்டுத் தொட்டுச் சரிசெய்யும் கைதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும், அப்படித் தொட வைக்கிற உறை உங்களுக்குப் பொருந்தாத உறை.

அப்புறம் கழிப்பறை. சிரிக்க வேண்டாம், துப்பாக்கியை மறந்து வைத்துவிட்டு வருவதும், கீழே போடுவதும் அங்கே நடக்கிறவைதான். அலமாரியிலோ தண்ணீர்த் தொட்டியின் மேலோ எடுத்து வைப்பது வேண்டாம், கதவுக் கொக்கியில் தொங்கவிடுவது வேண்டவே வேண்டாம். உறையைவிட்டு வெளியே எடுக்காமல், பேண்டை இறக்கியதும் பெல்ட் பூட்டை மறுபடி போட்டு முழங்காலுக்கு மேலேயே நிறுத்திக்கொண்டால் உறை கவிழாது, பக்கத்து அறையில் இருப்பவருக்கும் ஒன்றும் தெரியாது. பெல்ட்டைக் கழற்றினால் துப்பாக்கி சரிந்து விழுகிற மாதிரி கிளிப் தளர்வாக இருக்கும் உறையை வீட்டில் ஒத்திகை பார்க்கும்போதே கண்டுபிடித்துவிடலாம்.