பல்வலிக்கு ஆன்டிபயாடிக்: எப்போது தேவை, எப்போது கூடாது

பல்வலி வந்ததும் மருந்துக்கடையில் நான்கு அமாக்சிசிலின் வாங்கி, வலி குறைந்ததும் மீதி இரண்டை அலமாரியில் போட்டுவைப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அது பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக், வலிக்கான மாத்திரையே அல்ல என்பதுதான். சொத்தை ஆழமாகும்போது, நாம் நரம்பு என்று சொல்லும் பற்கூழ் வீங்கி, விரிய இடமில்லாத பல்லுக்குள் அழுத்தம் ஏறுவதால் வலிக்கிறது. அது செத்துப்போனால் இரத்த ஓட்டமும் நின்றுவிடும். பிறகு மருந்து அங்கே போய்ச் சேர வழியில்லை. நரம்பு செத்ததால் அடங்கிய வலியை மாத்திரையின் பலன் என்று நம்பி ஏமாறுவதும் உண்டு.

ஆனால் வாயின் பிற பகுதிகளில் மருந்து வேலை செய்துவிடுகிறது. காலையில் பல் துலக்குமுன் ஈறோரத்தை நகத்தால் சுரண்டினால் ஒட்டிக்கொண்டு வரும் வெண்மஞ்சள் பசைக்குள் பலவகைப் பாக்டீரியாக்கள் நெருங்கி வாழ்கின்றன. மருந்துக்கு மடிபவை மடிய, தாக்குப்பிடிப்பவை அந்த இடத்தையும் பிடித்துக்கொள்கின்றன. இவை மருந்து எதிர்ப்புத்திறன் தரும் மரபணுக்களை அண்டை இனங்களுக்கும் கைமாற்றும். நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ், பென்சிலினைச் சமாளிக்கும் மரபணுத் துண்டுகளை வாயில் பொதுவாகத் தீங்கின்றி வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மைட்டிஸிடமிருந்து பெற்றிருக்கிறது.

ஆகவே வலி மட்டும் இருந்தால் பல் மருத்துவரிடம் சென்று, சொத்தையை அடைப்பதோ வேர் சிகிச்சையோ பல்லைப் பிடுங்குவதோ எது தேவையோ அதைச் செய்துகொள்ளுங்கள். அதுவரை பாராசிட்டமால் போன்ற வலிநிவாரணி போதும். காய்ச்சல், முகவீக்கம் போன்று தொற்று பரவும் அறிகுறிகள் இருந்தால்தான் ஆன்டிபயாடிக்குக்கு இடமுண்டு. அப்போதும் சீழை வெளியேற்றுவதே முதன்மைச் சிகிச்சை. விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் ஏற்பட்டாலும், வாயைத் திறக்க முடியாமல் போனாலும், தாடைக்கு அடியில் வீங்கினாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மருத்துவரிடம் பென்சிலின் ஒவ்வாமை, செயற்கை இதய வால்வு, அண்மையில் சாப்பிட்ட ஆன்டிபயாடிக் ஆகியவற்றை அவர் கேட்காமலேயே சொல்லிவிடுங்கள். எத்தனை நாள் சாப்பிட வேண்டும், எப்போது நிறுத்தலாம் என்பதை அவரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள். மாத்திரை அட்டையின் பின்புறத்தில் செங்குத்தான சிவப்புக் கோடு இருந்தால், மருத்துவர் சீட்டில்லாமல் அதை வாங்கக் கூடாது என்று பொருள். மீந்த மாத்திரையை வீட்டில் வேறொருவருக்குக் கொடுப்பதற்கும் இது பொருந்தும்.

ஈறோரத்தில் ஒட்டும் அந்த வெண்மஞ்சள் பசையை மாத்திரையால் கரைக்க முடியாது. தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். தினமும் இருமுறை, இரண்டு நிமிடம் துலக்குங்கள்; இரவுத் துலக்கலைத் தவறவிடாதீர்கள். பல்லிடுக்குகளுக்குச் சிறு பிரஷ் வேண்டும். கெட்டிப்பட்டுக் காரையாகிவிட்டதை மருத்துவர்தான் அகற்ற முடியும். குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு மருந்தை, அவர் சொன்ன நாட்களுக்கு மேல் நீட்டித்தால் பல்லில் பழுப்புக் கறை படியும்.