நீண்ட போரில் எது வெற்றி? கணக்குப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆப்கானிஸ்தானில் அமெரிக்கா 2001 அக்டோபரில் தொடங்கிய போர் 2021 ஆகஸ்ட்டில் முடிந்தது. இடையில் எந்த வருடத்தை எடுத்தாலும், நிலைமை கடினம்தான், ஆனாலும் முன்னேறிக்கொண்டிருக்கிறோம் என்ற பாணியில் பேசிய ஒரு தளபதியோ அமைச்சரோ கிடைப்பார். எல்லோரும் பொய் சொன்னார்கள் என்று முடித்துக்கொள்வது எளிது. பொய்யும் இருந்தது. ஆனால் அவர்கள் காட்டிய எண்களில் பல உண்மையானவைதான். எதை எண்ணுவது என்பதில்தான் பெரிய கோளாறு. வருடக்கணக்கில் இழுக்கும் எந்தப் போரின் செய்தியைப் படித்தாலும் அதே கோளாறில் நாமும் விழ வாய்ப்பு உண்டு.

குறிக்கோள் மாறியதைக் கவனிக்காமல் விடுவது

2001-இல் சொன்ன குறிக்கோள் அல்-காய்தாவை ஒழிப்பது, அதற்கு இடம் கொடுத்த தாலிபான் ஆட்சியை இறக்குவது. அந்த வருட டிசம்பருக்குள் தாலிபான் ஆட்சி போய்விட்டது. 2011 மே மாதம் பின்லேடன் பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் கொல்லப்பட்டார். அதன் பிறகும் பத்து ஆண்டுகள் போர் நடந்தது. ஏனென்றால் அதற்குள் ஆப்கானிஸ்தானுக்கு ஒரு ராணுவத்தையும் அரசையும் கட்டித் தருவது, அபினி சாகுபடியை ஒழிப்பது, பெண்களைப் படிக்க வைப்பது எல்லாம் பட்டியலில் சேர்ந்துவிட்டன. 2020 பிப்ரவரியில் தோஹாவில் தாலிபானுடன் ஒப்பந்தம் கையெழுத்தானபோது குறிக்கோள் கௌரவமாக வெளியேறுவது என்று சுருங்கிவிட்டது. ஒருவர் "வென்றோம்" என்றால், எந்த வருடத்துக் குறிக்கோளை வைத்துச் சொல்கிறார் என்று முதலில் கேட்க வேண்டும்.

செய்த வேலையையே விளைவாக எண்ணுவது

என் பார்வையில் மற்ற எல்லாத் தவறுகளையும்விடப் பெரியது இதுதான்.

ஆப்கன் விமானப்படைக்காக இத்தாலியத் தயாரிப்பான ஜி-222 ரகத்தில் 20 பழைய சரக்கு விமானங்கள் வாங்கப்பட்டன. திட்டத்தின் செலவு 54.9 கோடி டாலர். விமானங்கள் வந்து சேர்ந்தன, விமானிகளுக்குப் பயிற்சி நடந்தது. அறிக்கையில் எழுத நிறைய இருந்தது. ஆனால் உதிரி பாகம் கிடைக்கவில்லை, பராமரிப்பு சரியில்லை, விமானங்கள் பெரும்பாலும் தரையிலேயே நின்றன. 2014-இல் காபூலில் கிடந்த 16 விமானங்களை வெட்டி, பவுண்டு எடைக்கு சுமார் 6 சென்ட் விலையில் பழைய இரும்புக்குப் போட்டார்கள். மறுசீரமைப்புச் செலவுகளைக் கண்காணிக்க அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த சிகார் என்ற தணிக்கை அமைப்பு பிறகு அதைத் தோண்டி எடுத்தது.

ராணுவத்தின் கதையும் அதேதான். ஆப்கன் ராணுவமும் போலீசும் சேர்ந்து மூன்று லட்சம் பேர் என்று வருடம் தவறாமல் சொன்னார்கள். நூறு நாள் வேலைக்கு வராதவர் பெயரிலும் கூலி எழுதுவதைப் போல, ஓடிப்போனவர், செத்துப்போனவர் பெயரிலெல்லாம் தளபதிகள் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். கடைசி நிதியமைச்சர் காலித் பயெந்தா, அரசு விழுந்த பிறகு பிபிசியிடம் பேசியபோது, உண்மையில் இருந்தவர்கள் அதில் ஆறில் ஒரு பங்காக இருக்கலாம் என்றார். அவர் சொன்னது மிகையாகவே இருக்கட்டும். அதற்காக அந்த மூன்று லட்சத்தை நம்ப முடியுமா?

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்த ராணுவம் சண்டையே போடவில்லை என்று 2021-இல் பலர் எளிதாகப் பேசினார்கள். தான் பதவிக்கு வந்த 2014 முதல் 45,000-க்கும் மேற்பட்ட பாதுகாப்புப் படையினர் இறந்திருக்கிறார்கள் என்று அதிபர் அஷ்ரப் கனி 2019 ஜனவரியிலேயே சொல்லியிருந்தார்.

ஏறினாலும் வெற்றி, இறங்கினாலும் வெற்றி

2019 டிசம்பரில் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ், சிகார் அமைப்பு போரில் தொடர்புடைய அதிகாரிகளிடம் எடுத்த பேட்டிகளை வழக்கு நடத்தி வாங்கி வெளியிட்டது. அதில் ஓர் அதிகாரி விவரித்த தர்க்கம் இப்படி: காபூலில் தற்கொலைத் தாக்குதல்கள் கூடினால், நேருக்கு நேர் மோத முடியாமல் தாலிபான் திணறுகிறது என்று பொருள். அமெரிக்கச் சாவு கூடினால், எதிரியின் இடத்துக்கே போய் அடிக்கிறோம் என்று பொருள். எண் எந்தப் பக்கம் போனாலும் முடிவு ஒன்றுதான். அப்படிப்பட்ட அளவுகோலைக் கண்டால் ஒரே ஒரு கேள்வி போதும்: என்ன நடந்தால் தோற்கிறோம் என்று ஒப்புக்கொள்வீர்கள்? பதில் வராவிட்டால் அந்த எண்ணைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பிணங்களை எண்ணுவது

இதற்குப் பாடப்புத்தகம் வியட்நாம். எதிரி ஆள் சேர்க்கும் வேகத்தைவிடக் கொல்லும் வேகம் கூடிவிட்டால் போர் முடிந்தது என்பது அங்கே அமெரிக்கப் படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் வெஸ்ட்மோர்லேண்டின் கணக்கு. அதனால் ஒவ்வொரு படைப்பிரிவும் கொன்றவர் எண்ணிக்கையைக் காட்டியாக வேண்டும், பதவி உயர்வும் அதைப் பொறுத்தது. செத்தவர் கெரில்லாவா விவசாயியா என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. 1967 நவம்பரில் முடிவு கண்ணுக்குத் தெரிகிறது என்று அவர் பேசினார். 1968 ஜனவரி கடைசியில், டெட் என்ற வியட்நாமியப் புத்தாண்டு நேரத்தில், தெற்கு வியட்நாமில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களை வடக்கு வியட்நாம் படையும் கெரில்லாக்களும் ஒரே சமயத்தில் தாக்கினார்கள். பிணக் கணக்குப்படி அதிலும் அமெரிக்காதான் ஜெயித்தது. தாக்கியவர்கள் ஏராளமாகச் செத்தார்கள். ஆனால் மார்ச் 31 அன்று அதிபர் ஜான்சன் மறுபடி தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று அறிவித்தார். ஹனோய், அதாவது வடக்கு வியட்நாம் அரசு, எத்தனை உயிரை இழக்கத் தயார் என்பதை வாஷிங்டனால் எண்ண முடியவில்லை. தன் நாட்டு மக்கள் எவ்வளவு தாங்குவார்கள் என்பதையும் அது எண்ணவில்லை.

எண்ணுவதை நிறுத்தியதைக் கவனிக்காமல் இருப்பது

சின்ன விஷயம்போலத் தெரியும். 2015 நவம்பரில் ஆப்கன் மாவட்டங்களில் 72 சதவீதம் அரசின் பிடியிலோ செல்வாக்கிலோ இருந்ததாக அமெரிக்க ராணுவமே கணக்குக் காட்டியது. 2018-இல் அது 55 சதவீதத்துக்கு வந்தது. 2019-இல் அந்தக் கணக்கெடுப்பையே நிறுத்திவிட்டார்கள், முடிவெடுக்க அது அவ்வளவாக உதவவில்லை என்று காரணம் சொல்லி. அடுத்த இரண்டே வருடத்தில் காபூல் விழுந்தது. பல வருடமாக வந்த ஒரு புள்ளிவிவரம் சத்தமில்லாமல் காணாமல் போனால், அந்த நாளைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

முட்டுக்கொடுத்து நிற்பதை, தானே நிற்பதாக நினைப்பது

சோவியத் படை 1989 பிப்ரவரி 15 அன்று ஆப்கானிஸ்தானிலிருந்து வெளியேறியது. அது விட்டுப்போன நஜிபுல்லா அரசு சில மாதங்களில் விழுந்துவிடும் என்று பலர் கணித்தார்கள். ஆனால் மாஸ்கோவிலிருந்து பணமும் எரிபொருளும் ஆயுதமும் வந்தவரை தாக்குப்பிடித்தது. சோவியத் யூனியனே கலைந்து உதவி நின்ற பிறகு, 1992 ஏப்ரலில் விழுந்தது. 2021-இல் ஆப்கன் விமானப்படையைப் பராமரித்த வெளிநாட்டு ஒப்பந்த ஊழியர்கள் கிளம்பியதும் விமானங்கள் ஒவ்வொன்றாக முடங்கின. ஆகஸ்ட் 15 அன்று காபூல் கைமாறியபோது அமெரிக்கப் படை இன்னும் விமான நிலையத்தில்தான் இருந்தது.

யாருடைய வெற்றி என்று கேட்காமல் விடுவது

20 வருடமும் வீண் என்கிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். தாலிபான் முதல் ஆட்சியில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி ஏறக்குறைய இல்லை. பிறகு லட்சக்கணக்கான சிறுமிகள் படித்தார்கள், பலர் மருத்துவரும் வழக்கறிஞரும் ஆனார்கள். 2021-க்குப் பின் ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்களுக்குக் கதவு மூடப்பட்டது. காபூலில் படித்த பெண்ணுக்கு அந்த 20 வருடம் ஒரு மாதிரி. இரவில் கதவை உடைத்துச் சோதனை நடந்த ஹெல்மண்ட் மாகாணக் கிராமத்தில் வளர்ந்த பெண்ணுக்கு அது வேறு மாதிரி.

தோற்றவரின் தோல்வி வென்றவருக்கு அப்படியே வெற்றியாகிவிடுவதும் இல்லை. ஆப்கன் மத்திய வங்கிக் கையிருப்பில் சுமார் 700 கோடி டாலரை அமெரிக்கா முடக்கியது. தாலிபான் ஆட்சியை முதன்முதலில் ஒரு நாடு, அதாவது ரஷ்யா, முறைப்படி அங்கீகரித்ததே 2025 ஜூலையில்தான்.

அப்புறம் அபினி. அதை ஒழிக்க அமெரிக்கா ஏறக்குறைய 900 கோடி டாலர் செலவழித்தும் 2017-இல் சாகுபடி 3,28,000 ஹெக்டேர் என்ற உச்சத்தைத் தொட்டது. 2022 ஏப்ரலில் தாலிபான் தடை போட்டது. ஐநா கணக்குப்படி 2023-இல் சாகுபடி 95 சதவீதம் குறைந்து 10,800 ஹெக்டேருக்கு வந்தது. பயிரிட்டவர்களுக்கு அறுவடையில் கிடைத்த வருமானம் ஒரே வருடத்தில் 136 கோடி டாலரிலிருந்து 11 கோடியாகச் சரிந்தது. அந்த நிலத்தில் பெரும்பாலும் கோதுமை விதைத்தார்கள்; அபினி கொடுத்த பணத்துக்குப் பக்கத்தில்கூட அது வராது.