பழைய பாடலை இணையத்தில் இலவசமாகப் பகிரலாமா என்று முடிவு செய்யும் முறை

இணையத்தில் பாடல்களை இலவசமாகப் பகிர்வதைச் சட்டம் அனுமதிக்க வேண்டுமா என்று வாதிடுபவர்களில் பலர், இந்தியச் சட்டம் ஏற்கெனவே எவ்வளவு அனுமதிக்கிறது என்பதைக் கவனிப்பதில்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு பாடலில் வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு என மூன்று தனி உரிமைகள் அடங்கியுள்ளன. வீட்டுப் பரணில் கிடக்கும் இசைத்தட்டையோ கேசட்டையோ வலையேற்ற விரும்புபவர் இம்மூன்றையும் தனித்தனியே சரிபார்க்க வேண்டும்.

ஒலிப்பதிவிலிருந்து தொடங்குங்கள். அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரி முதல் நாளிலிருந்து 60 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. எனவே 1960-இல் வெளிவந்த தட்டின் காலம் 2020 இறுதியில் முடிந்துவிட்டது. ஆண்டைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். தட்டின் நடுவே ஒட்டியுள்ள வட்டச் சீட்டில் கம்பெனியின் பெயர், பாடியவரின் பெயர், தட்டு எண் ஆகியவை இருக்கும். ஆண்டு பெரும்பாலும் இராது. தட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு, அக்காலக் கம்பெனிப் பட்டியல்களிலும் பத்திரிகை விளம்பரங்களிலும் தேடுங்கள். ஒலியை உங்கள் தட்டிலிருந்தே எடுங்கள். பிற்காலத்தில் மெருகேற்றி வெளியிட்ட குறுந்தகட்டிலிருந்து எடுத்தால் அந்த நிறுவனம் புதிய உரிமை கோர இடமுண்டு.

அடுத்து வரிகளும் மெட்டும். இவற்றுக்குப் படைப்பாளி மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் என்பது கணக்கு. பலர் தடுமாறுவது இங்குதான். 1944-இல் வெளியான 'ஹரிதாஸ்' படத்தின் ஒலிக்கான காலம் 2004 இறுதியிலேயே முடிந்துவிட்டது. ஆனால் அதன் பாடல்களை எழுதிய பாபநாசம் சிவன் 1973-இல்தான் மறைந்தார் என்பதால், அவருடைய வரிகளுக்கு 2033 இறுதிவரை உரிமை நீடிக்கிறது. பாடலாசிரியர் யார் என்பதைத் திரையரங்குகளில் விற்ற பாட்டுப் புத்தகத்தின் உதவியால் உறுதி செய்துகொள்ளலாம். தியாகராஜரின் கிருதி என்றால் இந்தக் கவலை இல்லை; ஒலிப்பதிவின் காலத்தைப் பார்த்தால் போதும். பாரதியாரின் வரிகளும் பொதுச்சொத்தே. சென்னை மாகாண அரசு 1949-இல் உரிமையைப் பெற்று, பின்னர் அதை எல்லோருக்கும் பொதுவாக்கியது. ஆயினும் அவ்வரிகளுக்கு அண்மையில் ஒருவர் போட்ட மெட்டு அவருடையதே.

சபாவில் ரசிகர் ஒருவர் பதிவு செய்த கச்சேரிக்கு வேறு விதி பொருந்தும். பாடியவருக்கும் பக்கவாத்தியக்காரர்களுக்கும் நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டுகள் உண்டு. ஆகவே அவர்களிடமோ அவர்களுடைய குடும்பத்தாரிடமோ எழுத்து மூலம் சம்மதம் பெறுங்கள். நாள், இடம், பக்கவாத்தியம் வாசித்தவர்களின் பெயர்கள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, விற்பனைக்கு அன்று என்பதையும் தெளிவாக எழுதிக் கேளுங்கள். சட்டத்துக்காக மட்டுமல்லாமல், அந்த வித்வானுக்குக் காட்டும் மரியாதைக்காகவும் இதைச் செய்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

புதிய பாடலாக இருந்தால் கோப்பை அனுப்பாமல், உரிமையாளரே வெளியிட்ட பக்கத்தின் இணைப்பை அனுப்புங்கள். சொந்த உபயோகத்துக்குப் பிரதி எடுப்பதைச் சட்டம் ஓரளவு அனுமதிக்கிறது. பல நூறு பேர் உள்ள டெலிகிராம் குழுவில் போடுவது அதில் அடங்காது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, திரைப்பாடலை எழுதியவரும் இசையமைத்தவரும் ராயல்டியில் தமக்குரிய பங்கைத் தயாரிப்பாளருக்கு எழுதிக்கொடுத்துவிட முடியாது. நெடுங்காலம் போராடிப் பெற்ற அந்த வருமானத்தை இலவசப் பகிர்வு குறைப்பதை நான் ஏற்கவில்லை. மாறாக, கடைகளிலும் செயலிகளிலும் எங்குமே கிடைக்காத பழைய பதிவுகளை லாப நோக்கின்றிப் பகிர்வதைச் சட்டம் வெளிப்படையாக அனுமதிக்க வேண்டும். இன்றைய நிலையில், உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத படைப்புகளுக்கு 31-ஏ பிரிவின்கீழ் உரிமம் கோரலாம். அதற்கு முதலில் ஆங்கில நாளிதழில் விளம்பரம் கொடுக்க வேண்டும் என்பதால், தனி ரசிகர் ஒருவருக்கு அது எளிய வழியன்று.

வலையேற்றும்போது தட்டு எண், வெளியான ஆண்டு, பாடலாசிரியர் மறைந்த ஆண்டு ஆகிய மூன்றையும் பதிவின் கீழேயே எழுதிவிடுங்கள். உரிமையாளர் எழுத்து மூலம் புகார் அளித்தால், தளம் அந்தக் கோப்பை 21 நாட்கள் நிறுத்திவைக்கும். அதற்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் மீண்டும் அனுமதிக்கலாம் என்கிறது 52-ஆம் பிரிவு. அந்த இடைவெளியில், உரிமைக்காலம் முடிந்தது என்று நீங்கள் போட்ட கணக்கை ஆதாரத்துடன் தளத்துக்கு அனுப்புங்கள். புகார் சரியென்று தெரிந்தால் நீங்களே கோப்பை நீக்கிவிடுங்கள்.