ஆம்ஸ்டர்டாம் கால்வாய் வீட்டில் வாடகைக்குப் போகுமுன்

வேலைக்கு ஆம்ஸ்டர்டாம் வருகிறவர்களில் பலருக்கு, கால்வாயைப் பார்த்த பழைய வீட்டில் ஒரு மாடியாவது வாடகைக்குக் கிடைக்காதா என்று ஆசை இருக்கும். நல்ல ஆசைதான், எனக்கும் அந்த வீடுகள் மேல் அவ்வளவு பிரியம். ஆனால் 17-ஆம் நூற்றாண்டில் ஒரே குடும்பத்துக்காகக் கட்டிய வீட்டைப் பிற்பாடு மாடி மாடியாகப் பிரித்திருக்கிறார்கள். ஜன்னல் வழியே தெரியும் தண்ணீரில் மயங்காமல், முதலில் வீட்டைப் பாருங்கள்.

படிக்கட்டிலிருந்து தொடங்குங்கள். ஏணி மாதிரி செங்குத்தாக, ஒடுக்கமாக இருக்கும், சில வீடுகளில் கைப்பிடிக்குப் பதிலாகக் கயிறுதான். விளம்பரத்தில் '3 ஹோஹ்' என்றிருந்தால் மூன்றாம் மாடி, லிஃப்ட் அநேகமாக இருக்காது. கைக்குழந்தை இருப்பவர்களும், ஊரிலிருந்து அப்பா அம்மாவை மூன்று மாதம் வரவழைக்க நினைப்பவர்களும் அந்தப் படியில் இரண்டு தடவை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சோபா, பீரோ எல்லாம் அதில் ஏறவே ஏறாது. வீட்டு உச்சியில் உத்தரம் ஒன்று நீட்டிக்கொண்டு கொக்கியோடு நிற்கிறதே, அது கயிறு கட்டிச் சாமானை ஜன்னல் வழியாக உள்ளே இழுப்பதற்குத்தான். இப்போது தெருவிலிருந்து ஜன்னல்வரை நீளும் லிஃப்டை வாடகைக்கு எடுக்கிறார்கள், அதனால் ஜன்னல் எவ்வளவு அகலம் திறக்கிறது என்று டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

அப்புறம் தரை. இந்த ஊர் சேற்று மண். மரக்கம்பங்களைச் சுமார் 12 மீட்டர் ஆழத்தில் இருக்கும் மணல் அடுக்குவரை அடித்து இறக்கி, அதன்மேல் வீட்டை நிறுத்தியிருக்கிறார்கள். தண்ணீருக்குள் இருக்கும்வரை அந்த மரம் நிற்கும், நிலத்தடி நீர் இறங்கிக் காற்றுப் பட்டால் மெல்ல இற்றுப்போகும். ஒரு எலுமிச்சம்பழத்தைத் தரையில் வையுங்கள், உருளத்தான் செய்யும், பழைய சாய்வு மட்டும் என்றால் பயப்பட வேண்டாம். சுவரில் புது விரிசல், சமீபத்தில் அடிப்பக்கம் செதுக்கிய கதவு, இதெல்லாம் கண்ணில் பட்டால் அஸ்திவாரத்தைச் சோதித்த அறிக்கை இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். மரத்தளம் என்பதால் சத்தம் அப்படியே கீழே இறங்கும், இரவு ஒன்பது மணிக்கு கிரைண்டர் போட்டால் கீழ்வீட்டுக்காரர் மறுநாள் வந்து நிற்பார்.

ஜன்னல் ஒற்றைக் கண்ணாடியா என்று விரலால் தட்டிப் பாருங்கள். 'ரைக்ஸ்மோனுமென்ட்' என்று அரசு பட்டியலிட்ட வீடாக இருந்தால் ஜன்னலை மாற்ற அனுமதி வேண்டும், வீட்டுக்காரர் நினைத்தவுடன் மாற்ற முடியாது. குளிர்காலத்து கேஸ் பில்லைக் காட்டச் சொல்லுங்கள். பாதி நிலத்துக்குள் இருக்கும் கீழ்த்தளம் என்றால் அலமாரியைத் திறந்து முகர்ந்து பாருங்கள், ஈரவாடை ஒளியாது.

சரி, இனி காகிதம். விளம்பரத்தில் 'கால்' என்ற டச்சுச் சொல் இருந்தால் வெறும் வீடு, தரைக்கு மரமோ கார்ப்பெட்டோகூடப் போட்டிருக்க மாட்டார்கள். 'கெஸ்டொஃபேர்ட்' என்றால் தரையும் திரையும் உண்டு. வாடகை தனி, சர்வீஸ் செலவு தனி என்று ஒப்பந்தத்தில் பிரித்து எழுதச் சொல்லுங்கள். ஏனென்றால் 2023 ஜூலையிலிருந்து முன்பணம் இரண்டு மாத வெறும் வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. வீட்டுக்காரருக்காக வேலை செய்யும் தரகர் உங்களிடம் கமிஷன் கேட்டால் கொடுக்காதீர்கள், அது சட்டப்படி செல்லாது. 2024 ஜூலைக்குப் பிறகு காலவரையறை இல்லாத ஒப்பந்தம்தான் வழக்கமான விதி, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் என்பது சில விதிவிலக்குகளுக்கே. வாடகை அதிகம் என்று தோன்றினால் ஒப்பந்தம் தொடங்கி ஆறு மாதத்துக்குள் 'ஹூர்கொமிஸி' என்ற வாடகைக் குழுவிடம் போகலாம். வீட்டுக்குப் புள்ளி போட்டு வாடகையைச் சரிபார்ப்பார்கள்.

"இந்த முகவரியில் பதிவு செய்யக்கூடாது" என்று ஒருவர் சொன்னால் அந்த வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். நகராட்சியில் முகவரி பதியாமல் பி.எஸ்.என் என்ற அரசு அடையாள எண்ணை வாங்கத் தடுமாறுவீர்கள், அது இல்லாமல் சம்பளம், வங்கி, காப்பீடு எல்லாவற்றிலும் சிக்கல். நேரில் பார்க்காத வீட்டுக்கு ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள்.

சாவி வாங்கும் நாளில் ஒவ்வொரு கீறலையும் விரிசலையும் போட்டோ எடுத்து, அன்றைக்கே வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள்.