பாலைத் திரியவைத்து பட்டன் செய்வது எப்படி

பனீர் செய்யத் தெரிந்தவருக்கு பிளாஸ்டிக் செய்யவும் பாதி தெரியும். திரிந்ததைப் பிழிந்தெடுக்கும் வரை இரண்டும் ஒரே வேலைதான், அதற்கு மேல் பனீர் வாணலிக்குப் போகிறது, இது நிழலுக்குப் போகிறது.

கால் லிட்டர் பால், நாலு டீஸ்பூன் வெள்ளை வினிகர், ஒரு பழைய வேட்டித் துணி, ஊதுபத்திக் குச்சி போதும். பால் மட்டும் கொழுப்பு குறைந்த பாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள். முதல் தடவை நான் கறந்த எருமைப்பாலில் செய்தேன், பால் கெட்டியாக இருந்தால் பட்டனும் கெட்டியாக வரும் என்று ஒரு கணக்கு. வந்தது நெய் கசிகிற ஒரு உருண்டை, நாலாம் நாள் சிக்கு வாடை. கொழுப்பு நமக்கு ஆகாது, வேண்டியது கேசின் என்ற புரதம். பசும்பாலில் 100 மில்லிக்கு 3 கிராம் சொச்சம் புரதம், அதில் ஐந்தில் நாலு பங்கு கேசின், ஆக கால் லிட்டரில் அரை டஜன் பட்டன் தேறும்.

பாலைப் பொங்கவிட வேண்டாம். ஓரத்தில் சின்னக் குமிழ் கட்டும்போது அடுப்பை அணைத்து வினிகரை ஊற்றி மெதுவாகக் கிண்டுங்கள். சில நொடிகளில் வெள்ளைத் துணுக்குகள் திரண்டு, சுற்றிலும் வெளிர்மஞ்சள் நீர் தெளியும். தெளியாமல் பால்வெள்ளையாகவே நின்றால் இன்னும் ஒரு ஸ்பூன் வினிகர்.

இந்த இடத்தில் பலர் "வினிகர் பாலை பாலிமராக மாற்றுகிறது" என்று எழுதிவிடுகிறார்கள். தப்பு. பாலிமர் என்றால் சின்ன மூலக்கூறுகள் மணி மணியாகக் கோத்த நீளச் சங்கிலி. கேசின் ஏற்கெனவே அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலிதான், கோக்கிற வேலையைப் பசு முடித்துவிட்டது. அந்தச் சங்கிலிகள் பாலில் குட்டிக் குட்டி உருண்டைகளாக, எதிர்மின்சுமையோடு மிதக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே சுமை என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும், அதனால்தான் பால் பாலாக இருக்கிறது. வினிகர் ஹைட்ரஜன் அயனிகளை உள்ளே இறக்குகிறது, நேர்மின்சுமை கொண்ட அவை கேசின் மேல் போய் உட்கார, பாலின் பிஎச் (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 6.6-லிருந்து 4.6-க்கு வரும்போது கூட்டிக் கழித்தால் சுமை பூஜ்யம். தள்ளுவதற்கு ஒன்றுமில்லை, ஒட்டிக்கொள்கின்றன.

நம்பிக்கை வரவில்லையா? பிழிந்ததில் ஒரு கிள்ளு எடுத்து, கொஞ்சம் ஆப்பசோடாவும் சில சொட்டு வெந்நீரும் விட்டுக் குழையுங்கள். நுரைத்து, கரைந்து, வழவழவென்று பசையாகும். சோடா அந்த ஹைட்ரஜன் அயனிகளைப் பிடுங்கிக்கொண்டது, சுமை திரும்பிவிட்டது, அவ்வளவுதான். அதைத் தூக்கிப் போடாதீர்கள், காகிதம் ஒட்ட நல்ல பசை.

சரி, மீதியைத் துணியில் வடிகட்டி, குளிர்ந்த நீரில் இரண்டு முறை அலசி, ஒட்டப் பிழிந்து, சப்பாத்தி மாவு போல ஐந்து நிமிடம் பிசையுங்கள். நிறம் வேண்டுமென்றால் இப்போதே, மஞ்சள்தூளும் போடலாம் (சோப்பு பட்டால் சிவந்துவிடும், அது மஞ்சளின் குணம்). 3 மில்லிமீட்டர் கனத்துக்குத் தட்டி, பாட்டில் மூடியால் வெட்டி, குச்சியால் துளை போடுங்கள். காய்ந்த பிறகு துளைக்கப் போனால் பிளந்துவிடும். நிழலில் நாலைந்து நாள், தினமும் திருப்பிப் போட்டு. வெயிலில் வைத்தால் மேல்தோல் முந்திக் காய்ந்து, உள்ளே ஈரம் நிற்க, நடுவில் விரிசல் ஓடும். கடைசியில் உப்புத்தாளில் தேய்த்து ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய்.

கிடைப்பது கொம்பு போலக் கெட்டி, ஆனால் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டால் காலையில் நகம் இறங்கும். சங்கிலிகள் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கின்றனவே தவிர, ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொள்ளவில்லை. அந்த முடிச்சுதான் ஜெர்மனியில் 1897 வாக்கில் கிடைத்தது. ஹானோவர் அச்சகக்காரர் வில்ஹெல்ம் கிரிஷே கழுவக்கூடிய வெள்ளை எழுதுபலகை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார், அடால்ஃப் ஸ்பிட்டெலர் என்ற வேதியியலாளரோடு சேர்ந்து கேசினை ஃபார்மால்டிஹைடு என்ற ரசாயனத்தில் ஊறவைத்தார், அதுதான் சங்கிலிகளுக்கு நடுவே முடிச்சுப் போட்டது. பூனை ஒன்று பால் கிண்ணத்தில் அந்தத் திரவத்தைத் தட்டிவிட்டதுதான் காரணம் என்று ஒரு கதை உண்டு, எனக்கு அதில் நம்பிக்கையில்லை. கிரேக்கத்தில் பால், கல் என்ற இரண்டு சொற்களைச் சேர்த்து காலலித் என்று பெயர் வைத்தார்கள். கனமான தகடு ஊறி முடிய மாதக்கணக்கில் ஆகும், ஆனாலும் பட்டன் தொழில் அதை விடவில்லை. இந்த ஊறவைக்கும் வேலையை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள், ஃபார்மால்டிஹைடு விஷம், அதன் ஆவியே கண்ணையும் மூச்சையும் அரிக்கும்.

அதற்கு முந்தைய பிளாஸ்டிக்கான செல்லுலாய்டும் பஞ்சிலுள்ள செல்லுலோஸ் சங்கிலியைக் கடன் வாங்கியதுதான். சங்கிலியையே மனிதர் கோத்தது 1907-ல், லியோ பேக்லேண்ட் ஃபீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்து பேக்கலைட் செய்தபோது. உங்கள் குக்கரின் கறுப்புக் கைப்பிடி பெரும்பாலும் அந்த வம்சம், முழுக்க முடிச்சு, அதனால் சூட்டில் உருகாது, தண்ணீரில் ஊறாது.

நம் பட்டன் அப்படியில்லை. சட்டையில் வேண்டாம், துணிப்பையில் தையுங்கள். என் பையில் இரண்டு இருக்கின்றன, பையைத் துவைக்கிற அன்றைக்கெல்லாம் அவற்றை வெட்டியெடுத்து, மறுநாள் திரும்பத் தைக்கிறேன்.