ஊசி குத்தியதும் மறந்துபோகும் கிருமி

டர்பன் பக்கம், சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ, உறவில் ஒரு நர்ஸ் இருந்தால் இந்தப் பேச்சைக் கேட்டிருப்பீர்கள்: “கையில ஊசி குத்திடுச்சு, எச்.ஐ.வி. மாத்திரை தந்தாங்க, இனி பயமில்ல.” தென்னாப்பிரிக்காவில் எச்.ஐ.வி. பயம் அப்படி. அந்தப் பயத்தில், அதைவிட எளிதாகத் தொற்றிக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமி மறந்தே போகிறது. எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்துக்கு 3. ஹெபடைட்டிஸ் பி என்றால், தடுப்பூசி போடாதவருக்கு நூற்றுக்கு 6 முதல் 30 வரை.

“எனக்குக் குழந்தையிலேயே போட்டாச்சு” என்பது அடுத்த தவறு. இந்த நாட்டில் குழந்தைகளுக்கான அட்டவணையில் இந்தத் தடுப்பூசி சேர்ந்ததே 1995 ஏப்ரலில்தான். அதற்கு முன் பிறந்த அக்காமாருக்கு, பின்னால் தனியாகப் போட்டிருந்தால்தான் உண்டு. முதல் ஊசி, ஒரு மாதத்தில் அடுத்தது, ஆறாவது மாதம் மூன்றாவது. அந்த மூன்றாவது வருவதற்குள் வார்டு மாறும், ஷிஃப்ட் மாறும், அட்டை தொலையும்.

மூன்றும் போட்டுக்கொண்டவர்கள் செய்யும் தவறுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. தடுப்பூசி உடம்பில் பிடித்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. கடைசித் தவணை போட்டு ஒன்றிரண்டு மாதத்தில், ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட்டாவது இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். பல வருடம் கழித்து முதல்முறையாகப் பார்த்து எண் குறைவாக வந்தால், ஊசி பிடிக்கவே இல்லையா, பிடித்துப் பின்னால் இறங்கியதா என்று சொல்ல முடியாது. பிடிக்காதவருக்கு இன்னொரு சுற்று போடலாம்.

கண் மஞ்சளானால் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களும் உண்டு; கீழாநெல்லி அரைக்கவும் தயார். பலருக்குக் கண் மஞ்சளாவதே இல்லை.

பயன்படுத்திய ஊசிக்குத் திரும்ப மூடி போடாதீர்கள், ஊசிப் பெட்டி முக்கால் நிறைந்ததும் மாற்றுங்கள். இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். துப்புரவு, சலவை ஆட்களைத்தான் மறந்துவிடுகிறோம். துணிக்குள் விட்ட ஊசி ஏறுவது அவர்கள் கையில். காய்ந்த ரத்தத்திலும் இந்தக் கிருமி 7 நாள் தாக்குப்பிடிக்கும். தடுப்பூசிப் பட்டியலில் அவர்கள் பெயரும் வேண்டும்.

சரி, குத்திவிட்டது. பிதுக்காதீர்கள், ப்ளீச் ஊற்றாதீர்கள். சோப்பும் ஓடும் தண்ணீரும் போதும். ஷிஃப்ட் முடியட்டும் என்று இருந்துவிடவும் கூடாது. தடுப்பூசி போடாதவருக்கு, தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் (ஆயத்தமான எதிர்ப்புப் பொருள்) முடிந்தால் 24 மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். 7 நாள் கடந்தால் பலன் சந்தேகம். அன்றைக்கே உங்கள் ரத்தத்தையும் சோதனைக்குக் கொடுங்கள். நாளை, வேலையில் வரும் காயத்துக்கும் நோய்க்குமான 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி இழப்பீடு கேட்கப் போனால், குத்திய அன்று உடம்பில் கிருமி இல்லை என்று காட்ட அந்தக் காகிதம் கையில் இருக்க வேண்டும்.